டிஸ்ட்ரோவுக்குத் தமிழ்ச் சொல்: வழங்கலா, தொகையா?

எல்லாருக்கும் வணக்கம்.

நாங்கள் எழுதிற லினக்ஸ் கைநூலில டிஸ்ட்ரோ (டிஸ்ட்ரிபியூசன், லினக்ஸை மற்ற மென்பொருளுகளோட சேர்த்து நிறுவக்கூடிய மாதிரிக் கட்டின முழு இயங்குதளம்) எண்டதுக்கு மாஸ்டர் முன்வைச்ச 'வழங்கல்' எண்ட சொல்லு வேண்டாம் எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன். அவர் சும்மா போட்ட சொல்லில்லை, தமிழ்நாட்டுப் பக்கம் லினக்ஸ்காரர் கனகாலமா எழுதிற சொல்லு, நாங்களும் அதையே எடுத்தால் ரெண்டு கரைக்கும் ஒரே சொல்லா இருக்கும் எண்டது பெரிய நியாயம்தான். ஆனா எங்கட கைநூலை வாசிக்கப்போறது ஆர் எண்டு ஒருக்கா யோசியுங்கோ. ஓ.எல். எடுத்திட்டு நிக்கிற பெடியள், சனசமூக நிலையங்களை நடத்திற ஆக்கள், வெளிநாட்டில இருந்து ஆரோ அனுப்பின பழைய கொம்பியூட்டரில விண்டோஸ் 11 ஏறாது எண்டு கடையில சொல்லிவிட என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருக்கிற சனம். இவைக்கு வழங்கல் எண்டால் முதல் ஞாபகம் வாறது நீர் வழங்கல் சபை. குழாயில வாற தண்ணி ஒரு தாங்கியில இருந்து புறப்பட்டு எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணியாத்தான் போகும். டிஸ்ட்ரோ அப்பிடியில்லை, அதுதான் எனக்கு இதில பெரிய வில்லங்கமாப் படுது.

முதல் அத்தியாயத்தில இயங்குதளங்களை ஒப்பிடுற அட்டவணையை எடுத்துப் பாருங்கோ. விண்டோஸ், மக், லினக்ஸ் எண்டு மூண்டு நிரல். (இயங்குதளமா, பள்ளிக்கூடப் புத்தகத்தில வாற பணிசெயல் முறைமையா எண்டது முடிஞ்ச கதை, ரெண்டையும் முதல் பக்கத்தில போடுறம், அதைத் திருப்பிக் கிளறவேண்டாம்.) விண்டோஸ் எண்டால் கருனியில (கேர்னல், வன்பொருளை நடத்திற உள்மையம்) இருந்து மேசைத்திரை, இற்றைப்படுத்தல் வரைக்கும் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது மைக்ரோசொஃப்ட் ஒண்டுதான். மக்கும் அப்பிடித்தான், அடியில இருக்கிற டார்வின் எண்ட அடிப்படைப் பகுதியின்ர மூலநிரல் வெளியில கிடக்கு, ஆனா மேல இருக்கிறதெல்லாம் மூடினது, அதோட அப்பிளின்ர மெசினில மட்டும்தான் போட விடுவினம். இந்த ரெண்டுக்கும் பக்கத்தில லினக்ஸ் எண்டு ஒரு நிரலைப் போட்டால் அதுவும் அதுமாதிரி ஒரு இடத்தில இருந்து வாற ஒற்றைச் சாமான் எண்டுதானே வாசிக்கிறவர் நினைப்பார்?

லினக்ஸ் எண்டது வடிவாப் பாத்தால் ஒரு கருனி மட்டும்தான். 1991 இல ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினது, 1992 இல ஜிபிஎல் எண்ட, ஆரும் மாத்தவும் பகிரவும் விடுற உரிமத்துக்குக் கீழ வந்தது. அதை மட்டும் இறக்கி வைச்சுக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க ஏலாது. கட்டளைகளை வாங்கிற ஷெல், மூலநிரலை இயங்குற வடிவுக்கு மாத்திற கொம்பைலர், இதெல்லாம் 1983 இல ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவிச்ச குனு திட்டத்தில இருந்து வந்தது. மேசைத்திரை இன்னொரு கூட்டம் எழுதினது. லிப்ரே ஒஃபிஸ் 2010 இல ஓப்பன் ஒஃபிஸில இருந்து பிரிஞ்சு வந்தவையின்ர. பயர்பொக்ஸ் மொசில்லாவின்ர. இவ்வளவையும் ஆரோ ஒராள் தேடியெடுத்து, எதின்ர எந்தப் பதிப்பு எதோட ஒத்துப்போகும் எண்டு சோதிச்சு, நிறுவக்கூடிய மாதிரிக் கட்டி, பேந்து வருசக்கணக்கா பாதுகாப்புத் திருத்தங்களையும் அனுப்பிக்கொண்டிருக்க வேணும், அந்த வேலையின்ர விளைவுதான் டிஸ்ட்ரோ. டெபியன் எண்ட டிஸ்ட்ரோவின்ர 2023 இல வந்த 12ஆம் பதிப்பில மட்டும் 64,000க்கு மேல பொதிகள் (நிறுவத் தயாராக் கட்டின மென்பொருள் துண்டுகள்) இருக்கு. வழங்கிறது இதில கடைசிப் படி, யூஎஸ்பியில ஏத்திக் குடுக்கிறது எங்களாலயும் ஏலும். கஷ்டமான வேலை தொகுக்கிறதில இருக்கு.

அதால நான் சொல்லுற சொல்லு 'தொகை'. லினக்ஸ் தொகை, டெபியன் தொகை, மிண்ட் தொகை.

எட்டுத்தொகையில இருக்கிற அதே தொகைதான். பல புலவர் பல காலத்தில பாடினதை ஒராள் தெரிஞ்செடுத்து, இன்ன அடியளவு, இன்ன திணை எண்டு ஒழுங்குபண்ணி ஒண்டாக்கினது. பாடினவர் வேற, தொகுத்தவர் வேற, அதுக்கு மேல தொகுப்பித்தவர் எண்டு மூண்டாவது ஆளும் இருக்கிறார். ஐங்குறுநூற்றை எடுத்தால் பாடினது ஐஞ்சு புலவர், தொகுத்தது புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தது யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை எண்ட சேர அரசன். குறுந்தொகையைத் தொகுத்தது பூரிக்கோ எண்டு இருக்கு, தொகுப்பித்தவர் பேர் இல்லை. கலித்தொகையை ஏடுகளை ஒப்பிட்டு 1887 இல அச்சில கொண்டுவந்தது எங்கட சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை, ஆனபடியா இந்தச் சொல்லு யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமில்லை.

இந்த மூண்டு ஆக்களையும் பிரிச்சுப் பாத்தால் டிஸ்ட்ரோ தெரிவுசெய்யிற விசயமே தெளிவாகும். உபுண்டுவுக்கு 2004 இல இருந்து தொகுப்பித்தவர் இருக்கு, மார்க் ஷட்டில்வேர்த் தொடக்கின கனோனிக்கல் எண்ட கம்பனி. டெபியனுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை, 1993 இல இயன் மர்டொக் தொடக்கினதை தொண்டர்மார் தங்களுக்குள்ள ஒரு சமூக ஒப்பந்தம் எழுதி வைச்சுக்கொண்டு நடத்திக்கொண்டு வருகினம். இது வெறும் வரலாறில்லை. சென்ட்ஓஎஸ் எண்டு ஒரு தொகை சேர்வர் வைச்சிருந்த ஆக்களிட்டக் கனக்கப் புழங்கினது, அதின்ர 8ஆம் பதிப்புக்கு 2029 வரைக்கும் திருத்தம் வரும் எண்டு நம்பி இருந்தவை. அதைத் தொகுப்பிச்ச ரெட் ஹட்டை 2019 இல ஐபிஎம் வாங்கி முடிச்சது, 2020 டிசம்பரில, 2021 முடிவோட 8ஐ நிப்பாட்டுறம் எண்டு ரெட் ஹட் அறிவிச்சுப்போட்டுது. ஆனா பாடல்கள், அதாவது மூலநிரல், எல்லாருக்கும் உரியதெண்டபடியா அடுத்த வருசமே ரொக்கி, அல்மா எண்டு ரெண்டு புதுத் தொகை எழும்பிட்டுது. சனசமூக நிலையத்தில இருக்கிற ஆளுக்கு நாங்கள் படிப்பிக்க வேண்டியது இதைத்தான்: ஒரு தொகையை எடுக்கமுன்னம் தொகுத்தவர் ஆர், தொகுப்பித்தவர் ஆர், எவ்வளவு காலம் பாத்துக்கொள்ளுவம் எண்டு சொல்லியிருக்கினம் எண்டு கேளுங்கோ. வழங்கல் எண்ட சொல்லில இந்தக் கேள்வி எழும்பவே எழும்பாது.

தொகைக்குள்ள இன்னொரு வசதியும் கிடக்கு. ஒரு டிஸ்ட்ரோவில இருந்து இன்னொண்டு பிறக்கிறதுக்கு எங்களிட்ட இப்ப சொல்லில்லை, 'அடிப்படையாகக் கொண்ட' எண்டு நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறம். நன்னூலில முதல், வழி, சார்பு எண்டு நூல் மூண்டு வகை. அதை அப்பிடியே எடுத்தால் டெபியன் முதற்தொகை, அதில இருந்து வந்த உபுண்டு வழித்தொகை, உபுண்டுவில இருந்து 2006 இல வந்த மிண்ட் சார்புத்தொகை. மிண்ட்காரர் உபுண்டுவை விட்டிட்டு நேர டெபியனில இருந்தும் ஒண்டு கட்டினம், எல்எம்டிஈ எண்டு, அது வழித்தொகை. ஒரு வரியில முடிஞ்சுது.

சொல்லு சரியோ எண்டு பாக்க நான் வைக்கிற இன்னொரு சோதனை, எது தொகை இல்லை எண்டும் அது காட்ட வேணும். ஃப்ரீபிஎஸ்டி எண்ட இன்னொரு இயங்குதளமும் கட்டற்றதுதான் (ஃப்ரீ சொஃப்ட்வேர்), ஆனா அங்க கருனியையும் அடிப்படைக் கருவிகளையும் ஒரே கூட்டம் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில வைச்சு எழுதுது, ஆகவே அது தொகையில்லை, தனிநூல். ரியக்ட்ஓஎஸ், ஹைக்கு எண்ட இயங்குதளங்கள் ரெண்டும் அப்பிடித்தான் நிக்கும். விண்டோஸும் இந்தக் கணக்கில தனிநூல்தான், மூடினது எண்டதுதான் வித்தியாசம். அப்ப அட்டவணையில மூடினது–கட்டற்றது, தனிநூல்–தொகை எண்டு ரெண்டு அச்சு போடலாம்.

இப்ப மறுப்புகளுக்கு வாறன். அக்கா எழுதியிருந்தா, தொகை எண்டால் சனம் காசெண்டு நினைக்கும், 'லினக்ஸ் தொகை எவ்வளவு' எண்டு கேக்கும் எண்டு. உண்மைதான், வங்கியில, விண்ணப்பப் படிவத்தில எல்லாம் தொகை எண்டால் காசுதான். ஆனா தனியா நிக்கேக்க வாற மயக்கம் அது, 'டெபியன் தொகை', 'தொகையை நிறுவுதல்' எண்டு வரேக்க ஒருத்தரும் காசெண்டு எடுக்கமாட்டினம். முதல் தடவை வாற இடத்தில 'மென்பொருள் தொகை' எண்டு முழுசா எழுதிவிடுவம். தொகுப்பு எண்டு போடலாமே எண்டும் கேட்டிருந்தா. தொகுப்பு ஏற்கனவே கனக்க வேலை பாக்குது, சிலர் பொதியையே தொகுப்பு எண்டு எழுதினம், ஒஃபிஸ் தொகுப்பு எண்டும் சொல்லுறம், அதால அது குழப்பும்.

தம்பி, நீர் கேட்டது நியாயமான கேள்வி, டிஸ்ட்ரோ எண்டே விட்டால் என்ன, கூகிளில தேடவும் லேசு எண்டு. தேடுறதுக்கு அந்தச் சொல்லும் சொல்லடைவில இருக்கும், அதை ஒளிக்கப் போறதில்லை. ஆனா டிஸ்ட்ரோ எண்ட ஒலியில எங்கட ஆக்களுக்கு ஒரு அர்த்தமும் பிடிபடாது, பாடமாக்கத்தான் ஏலும். 1847 இல யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில வேலை செய்த அமெரிக்க மிசன் வைத்தியர் டொக்டர் கிறீன் வைத்தியத்தையே தமிழில படிப்பிச்சவர், அதுக்கு வேண்டிய சொல்லுகளையும் இஞ்ச இருந்தே உண்டாக்கினவர். அது நடந்த ஊரில இருந்துகொண்டு ஒரு கணினிச் சொல்லுக்கு முயற்சியில்லாமல் கையை விரிக்க எனக்கு மனமில்லை.

கட்டற்ற எண்டதையும் விட்டுக்குடுக்க வேண்டாம், ரெண்டாம் அத்தியாயத்தில ஆரோ 'இலவச இயங்குதளம்' எண்டு மாத்தியிருக்கினம். காசில்லை எண்டு சொல்லி இஞ்ச ஒருத்தரையும் லினக்ஸுக்குக் கொண்டுவர ஏலாது, ஏனெண்டால் உரிமமில்லாத விண்டோஸைக் காசில்லாமல்தான் கனபேர் போட்டிருக்கினம். 2025 ஒக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10 க்கு வழமையான ஆதரவு முடிஞ்சுது, நீடிப்புக்குப் பதிஞ்ச வீட்டுக்காரருக்கு அதில இருந்து ஒரு வருசம், அவ்வளவுதான். 11 க்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேணும், 2017 க்கு முந்தின இன்டெல் புரொசசர் அநேகமா எல்லாம் பட்டியலுக்கு வெளியில. மெசின் நல்லாத்தான் ஓடுது, ஆனா அது இனி ஓடலாமோ எண்டு தீர்மானிக்கிறது வேற ஆரோ. இந்த இடத்திலதான் கட்டற்ற எண்ட சொல்லு வேலை செய்யும், ஓட்ட, படிச்சுப் பாக்க, மாத்த, பகிர உரிமை உங்களிட்ட இருக்கு எண்டு. நாலு ஜிபி ராம் உள்ள மெசினுக்கு மிண்டின்ர எக்ஸ்எஃப்சிஈ எண்ட பாரமில்லாத மேசைத்திரையோட வாற பதிப்பு போதும், முதல் யூஎஸ்பியில இருந்தே ஓட்டிப் பாக்கலாம், அச்சு இயந்திரம், வைஃபை வேலை செய்யுதோ எண்டு பாத்திட்டு நிறுவலாம் எண்டதையும் அதே பக்கத்தில போடவேணும்.

விசைப்பலகைப் பகுதி குறைவாக் கிடக்கு. இஞ்ச ரெங்கநாதன் முறையில அடிச்சுப் பழகின ஆக்கள்தான் கூட, எம்17என் எண்ட பலமொழி உள்ளீட்டு மென்பொருள் ஊடா அது லினக்ஸில இருக்கு, படத்தோட காட்டுங்கோ. பாமினியில அடிச்ச பழைய கடிதங்கள் அந்த எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஒஃபிஸிலயும் தெரியும், ஆனா யுனிகோடுக்கு மாத்தினால்தான் தேடலாம். இந்த ரெண்டையும் சொல்லாமல் விட்டால் நிலையத்துச் செயலாளர் அடுத்த நாளே விண்டோஸுக்குத் திரும்பிடுவார்.

மற்றச் சொல்லுகளில பொதி, களஞ்சியம் ரெண்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டது. பொதிகளை நிறுவி நீக்கிற கருவிக்கு பொதி மேலாளர் எண்டு இருக்கிறதை பொதி முகாமையாளர் எண்டு மாத்தச் சொல்லுறன், இஞ்ச பள்ளிக்கூடத்தில முகாமைத்துவம் எண்டுதான் படிக்கினம்.

மிச்சம் இருக்கிறது ரோலிங் ரிலீஸ். ஆர்ச் மாதிரி, பதிப்பு இலக்கம் எண்டு ஒண்டில்லாமல் நாளாந்தம் புதுசாகிக்கொண்டே இருக்கிறது. 'ஓடுதொகை' எண்டு போட்டுப் பாத்தன், வினைத்தொகையா வருது, ஓடின, ஓடுற, ஓடப்போற மூண்டு காலமும் அதுக்குள்ள அடங்குது, பொருளுக்கும் பொருந்துது. ஆனா அதுக்கு எதிரா, டெபியன் மாதிரி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அளவில பதிப்பு போட்டு நிறுத்திறதுக்கு 'நிலைத்தொகை' எண்டால் வங்கி நிலையான வைப்பு மாதிரிக் கேக்குது, அதில எனக்குத் திருப்தியில்லை. மாஸ்டர், நீங்கள் இதுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மற்ற ஆக்களும் தொகையை ஏற்கிறியளோ இல்லையோ எண்டு காரணத்தோட எழுதுங்கோ, அட்டவணையை ரெண்டு அச்சில திருப்பிக் கீறி நான் அனுப்புறன்.