எலி மேல செஞ்ச ஆராய்ச்சி நியூஸ்ல மனுஷனுக்கு மருந்தா வந்துடுச்சு, இனிமே மீடியா கிட்ட பேசலாமா வேண்டாமா?

சாம்பல்குருவி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு யூனிவர்சிட்டில உதவிப் பேராசிரியரா இருக்கேன், மூளை நரம்பு சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி. போன மாசம் எங்க குழுவோட கட்டுரை ஒரு ஜர்னல்ல வந்துச்சு. எலிகளுக்கு ஒரு மூலக்கூறு குடுத்துப் பார்த்தோம், ஞாபகசக்தி டெஸ்ட்ல அது குடுக்காத எலிகளை விட கொஞ்சம் நல்லா செஞ்சுது, அவ்வளவுதான் எங்க முடிவு. யூனிவர்சிட்டி மீடியா செல்லுல இருந்து பிரஸ் ரிலீஸ் போட்டாங்க. ரெண்டே நாள்ல பார்த்தா "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு"ன்னு தலைப்பு, பக்கத்துல என் போட்டோ. எலிங்கற வார்த்தை சில இடத்துல கடைசி பாராவுல இருக்கு, சில இடத்துல இல்லவே இல்ல.

அதையாவது பொறுத்துக்கலாம். அதுக்கு அப்புறம் ஒரு ஈமெயில் வந்துச்சு. முன்பின் தெரியாத ஒருத்தர். அவங்க அம்மா இப்ப பையனோட பேரையே மறந்துட்டாங்களாம், இந்த மருந்து எங்க கிடைக்கும், டிரையல்ல சேர்த்துப்பீங்களா, எவ்வளவு தூரமா இருந்தாலும் கூட்டிட்டு வர்றேன்னு எழுதியிருக்கார். நாலு நாளா அந்த மெயிலைத் திறக்கறேன் மூடறேன், ஒரு வரி கூட எழுத முடியல.

டீன் கிட்ட சொன்னா நம்ம யூனிவர்சிட்டி பேர் இத்தனை இடத்துல வந்துச்சே, சந்தோஷப்படும்மாங்கறார். பிஎச்டி பண்ணப்போ எனக்கு கைடா இருந்தவர் மீடியா பக்கமே தலை வெச்சுப் படுக்காதேன்னு அப்பவே சொன்னேனேங்கறார். ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு சரியாப் படல. ஜனங்க பணத்துல ஆராய்ச்சி பண்ணிட்டு ஜனங்க கிட்டயே பேச மாட்டேன்னு சொல்றதும் தப்பு, இப்படி ஒரு வீட்டுல பொய்யா ஆசையைக் கிளப்பி விடறதும் தப்பு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, எங்க தப்பு நடந்துச்சு, இனிமே நான் எப்படி நடந்துக்கணும்?

பழையமேஜை

சகோ, நான் 11 வருஷம் நாளிதழ்ல ரிப்போர்ட்டரா இருந்தவன், இப்ப வேற வேலை. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பெரும்பாலும் தலைப்பை எழுதறது ரிப்போர்ட்டர் இல்ல, டெஸ்க்ல இருக்கற சப் எடிட்டர். அவர் உங்க கட்டுரையைப் பார்த்திருக்கவே மாட்டார், ரிப்போர்ட்டர் அனுப்பின காப்பியோட முதல் ரெண்டு பாராவைப் பார்த்துட்டு, இருக்கற இடத்துக்கு ஏத்த மாதிரி நாலு வார்த்தையில தலைப்பு வெப்பார். அதனால முதல் பாராவுல எலி இல்லன்னா தலைப்புல எலி வர வாய்ப்பே இல்ல.

அந்த முதல் பாரா எங்க இருந்து வருதுன்னா, பாதிக்கு மேல உங்க யூனிவர்சிட்டி அனுப்பின ரிலீஸ்ல இருந்துதான். ரிப்போர்ட்டருக்கு அன்னைக்கு மூணு ஸ்டோரி இருக்கும், உங்களோடது அதுல ஒண்ணு. ஜர்னல்காரங்க எம்பார்கோ வெப்பாங்க, அதாவது விஷயத்தை முன்கூட்டியே குடுத்துடுவாங்க, ஆனா இன்ன தேதி இன்ன மணிக்கு முன்னாடி வெளியிடக்கூடாதுன்னு கண்டிஷன். நிதானமா நாலு பேர்கிட்ட விசாரிச்சு எழுதட்டும்னுதான் அந்த அவகாசம். யுரேக்அலர்ட்னு ஒரு தளமே இதுக்குன்னு 1996ல இருந்து இருக்கு. ஆனா நடைமுறைல அந்த அவகாசத்துல வேற அவசரச் செய்தி வந்து உக்காந்துக்கும், உங்களோடது கடைசி அரை மணி நேரத்துல எழுதப்படும். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கேன், அதுல எத்தனை பேருக்கு இந்த மாதிரி மெயில் போச்சோன்னு இப்ப உங்க போஸ்ட்டைப் படிச்சதும் மனசு கனமாயிடுச்சு.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்ல. 2014ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, கார்டிஃப் யூனிவர்சிட்டி ஆளுங்க தலைமையில. பிரிட்டன்ல 20 முன்னணி யூனிவர்சிட்டிங்க போட்ட 462 பிரஸ் ரிலீஸை எடுத்து, மூலக் கட்டுரையோடவும் வந்த செய்திகளோடவும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தாங்க. விலங்கு ஆய்வு பத்தின ரிலீஸ்கள்ல, அதை மனுஷனுக்குன்னு நீட்டிச் சொன்னது 36 சதவீதம். ரிலீஸ்லயே அப்படி இருந்தா வந்த செய்திகள்ல 86 சதவீதம் அதையே சொல்லுச்சு, ரிலீஸ் அடக்கமா இருந்தப்போ 10 சதவீதம்தான். அப்ப மிகைப்படுத்தல் நிறைய நேரம் யூனிவர்சிட்டி வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது.

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, அந்த ரிலீஸ் வெளிய போறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தீங்களா?

சாம்பல்குருவி

பார்த்தேன் சார். உண்மையைச் சொல்லிடறேன். சாயங்காலம் 4:40க்கு மெயில் வந்துச்சு, திருத்தம் இருந்தா 6 மணிக்குள்ள சொல்லுங்கன்னு. நான் கிளாஸ் முடிச்சுட்டு வந்து பார்க்கறப்போ 5:50. கூட வேலை செஞ்சவர் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, அதைத் திருத்தினேன். முதல் வரி "மறதி நோயைத் தடுக்கும் புதிய மூலக்கூறு"ன்னு இருந்துச்சு, "தடுக்கும்" கொஞ்சம் உறுத்துச்சு, ஆனா நாலாவது பாராவுல எலின்னு இருக்கே, படிக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்னு நினைச்சு ஓகே சொல்லிட்டேன். நீங்க சொன்ன 36 சதவீதத்துல நானும் ஒருத்தி.

நடுவாசல்

நான் அந்தப் பக்கத்து ஆள், ஒரு யூனிவர்சிட்டில ரிலீஸ் எழுதற வேலை. எங்க மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல, ஆனா நிலைமையைச் சொல்றேன். இன்னைக்கு வேதியியல், நாளைக்கு வரலாறு, அடுத்த நாள் பட்டமளிப்பு விழா, எல்லாத்தையும் ரெண்டு பேர் எழுதறோம். வருஷக் கடைசில எங்களைக் கேக்கறது எத்தனை இடத்துல பேர் வந்துச்சுங்கற எண்ணிக்கை மட்டும்தான். எப்படி வந்துச்சு, சரியா வந்துச்சான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. ஆல்ட்மெட்ரிக் ஸ்கோர் கூட பாருங்க, எத்தனை பேர் உங்க கட்டுரையைப் பத்திப் பேசினாங்கன்னு கணக்குப் போடும், பாராட்டினாங்களா கிழிச்சாங்களான்னு அதுக்குத் தெரியாது. அந்த நம்பரைத்தான் புரமோஷன் ஃபைல்ல வெக்கறாங்க.

ஆனா அடக்கமா எழுதினா செய்தி ஆகாதுங்கற பயம் இருக்கே, அது தப்புன்னு காட்டியிருக்காங்க. 2019ல பி.எம்.சி மெடிசின் ஜர்னல்ல ஒரு சோதனை வந்துச்சு, நிஜ பிரஸ் ரிலீஸ்களையே எடுத்து சிலதுல மட்டும் தலைப்பை ஆதாரத்துக்குத் தகுந்த மாதிரி மாத்தி அனுப்பிப் பார்த்தாங்க. அடக்கமா போன ரிலீஸுக்கும் செய்தி வர்றது குறையல, வந்த தலைப்புகளும் மத்ததை விட ஆதாரத்தை அதிகமா ஒட்டி இருந்துச்சு. எங்க மேலதிகாரி "உலகிலேயே முதல்முறையாக"ன்னு போடச் சொல்றப்ப எல்லாம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டறேன், சில நேரம் கேக்கறார், சில நேரம் கேக்கறதில்ல.

உங்களால முடிஞ்சது என்னன்னா, நாங்க எழுதற வரைக்கும் காத்திருக்காதீங்க. கட்டுரை ஏத்துக்கிட்டாங்கன்னு மெயில் வந்த அன்னைக்கே முதல் பாராவை நீங்களே எழுதிக் குடுங்க. கூடவே "இந்த ஆய்வு என்ன சொல்லலை"ன்னு ரெண்டு வரி. எனக்கு அந்த ரெண்டு வரி கிடைச்சா தங்கம் மாதிரி. அப்புறம் ரிலீஸ் வெளிவர்ற அன்னைக்கு போன் எடுங்க, தயவுசெய்து. ரிப்போர்ட்டர் சந்தேகம் கேக்கக் கூப்பிடறார், பேராசிரியர் கான்ஃபரன்ஸ்ல போனை அணைச்சுட்டு உக்காந்திருக்கார், ரிப்போர்ட்டர் கைல இருக்கறதை வெச்சு எழுதிடறார். இது எத்தனை தடவை நடக்குது தெரியுமா.

மூத்தவேர்

ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார் நான். சாம்பல்குருவி, மனசைத் தளர விடாதேம்மா. யூனிவர்சிட்டி அவசரப்பட்டா எவ்வளவு பெருசா போகும்னு எங்க தலைமுறை கண்ணால பார்த்துச்சு. 1989 மார்ச் 23, அமெரிக்காவுல யூட்டா யூனிவர்சிட்டி ஒரு பிரஸ் மீட் வெச்சுது. பான்ஸ், ஃப்ளைஷ்மன்னு ரெண்டு வேதியியல் பேராசிரியர்கள், சூரியனுக்குள்ள பயங்கர சூட்டுல நடக்கற அணுக்கரு இணைவு, சாதாரண அறை வெப்பநிலையிலயே நடந்துச்சுன்னாங்க. கட்டுரை அப்ப வெளிவரவே இல்ல. பக்கத்துல இன்னொரு யூனிவர்சிட்டியும் அதே துறையில வேலை பார்த்துட்டு இருந்துச்சு, அவங்க முந்திக்குவாங்களோ, காப்புரிமை போயிடுமோன்னு பயம். உலகம் பூரா ஆய்வகங்கள் பத்திரிகையில வந்த விவரத்தையும் டிவியில காட்டின படத்தையும் வெச்சு அதைத் திரும்பச் செய்யப் பார்த்து, ஒத்துவராம, அந்த வருஷம் நவம்பர்ல அமெரிக்க எரிசக்தித் துறை போட்ட குழு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லன்னு அறிக்கை குடுத்துச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல கூட ஒரு வாரம் ராத்திரி பகலா அதே பேச்சுதான்.

ஆனா அடக்கமா பேசினாலும் எல்லாம் கட்டுக்குள்ள இருக்கும்னு நினைக்காதே. 2011ல ஆபெரான்னு ஒரு இயற்பியல் ஆய்வுக் குழு, நியூட்ரினோங்கற நுண்துகள் ஒளியை விட 60 நானோசெகண்ட் முன்னாடி வந்த மாதிரி தெரியுது, எங்க தப்புன்னு எங்களுக்கே தெரியல, நீங்களும் பாருங்கன்னு கேட்டுத்தான் வெளியிட்டாங்க. ஒளியை விட வேகமா எதுவும் போகாதுங்கறது ஐன்ஸ்டீன் கோட்பாடு, அதனால தலைப்பு என்னவோ ஐன்ஸ்டீன் தோத்தார்னுதான் வந்துச்சு. கடைசில பார்த்தா ஒரு ஃபைபர் கேபிள் சரியா செருகலை. அதனால முழுப் பழியையும் உன் தலையில ஏத்திக்காதே, ஆனா உன் கையில இருக்கற பங்கை விடாதே.

இன்னொண்ணு. இப்ப உன் பேர் ரிப்போர்ட்டர் போன்ல ஏறிடுச்சு, இனிமே எதுக்கெடுத்தாலும் கூப்பிடுவாங்க. உன் துறை இல்லாததுக்கு கருத்து சொல்லாதே. "இது எனக்குத் தெரியாது, இவங்களைக் கேளுங்க"ன்னு இன்னொரு பேரைக் குடு. அந்தப் பேர் ஒரு இளம் பெண் ஆராய்ச்சியாளரா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா நிபுணர்னா மீடியாவுல திரும்பத் திரும்ப வர்றது எங்களை மாதிரி நரைச்ச ஆம்பளைங்கதான். பிபிசில 2017ல ஒரு நிகழ்ச்சிக் குழு, வர்ற விருந்தினர்ல ஆண் எத்தனை பெண் எத்தனைன்னு தினம் எண்ண ஆரம்பிச்சாங்க, 50:50ன்னு பேரு, எண்ண ஆரம்பிச்ச சில மாசத்துலயே பாதிக்குப் பாதிங்கற அளவுக்கு வந்துச்சு.

நீயே எழுதணும்னு தோணினா தி கான்வர்சேஷன் மாதிரி இடம் இருக்கு, 2011ல ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சது. கல்வியாளர்தான் எழுதணும், எடிட்டர் செதுக்குவார், நீ ஒப்புதல் குடுக்காம வெளிய போகாது.

இரவுவிளக்கு

அக்கா, நான் பிஎச்டி மாணவன். எல்லாரும் நல்ல செய்தியைப் பத்தியே பேசறோம், எனக்கு மனசுல இருக்கறது வேற. ரேங்கிங் ஏறிச்சுன்னா எங்களை வரிசையா நிக்க வெச்சு போட்டோ எடுக்கற அதே நிர்வாகம், உள்ள ஏதாவது தப்பு நடந்தா மீடியா கிட்ட யாரும் வாய் திறக்கக்கூடாதுன்னு சர்க்குலர் விடுது. அப்ப ஆராய்ச்சியாளர் குரல்ங்கறது விளம்பரத்துக்கு மட்டும்தானா?

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டில நடந்ததைப் பாருங்க. தலைவரா இருந்த மார்க் டெஸியர் லவீன் பேர்ல வந்த பழைய கட்டுரைகள்ல படங்கள் மாத்தப்பட்ட மாதிரி இருக்குன்னு 2022 நவம்பர்ல எழுதினது அங்க இருக்கற மாணவர் பத்திரிகை, ஸ்டான்ஃபோர்ட் டெய்லி. எழுதின தியோ பேக்கர் அப்ப முதல் வருஷ மாணவர். விசாரணைக் குழு போட்டாங்க, 2023 ஜூலைல அறிக்கை வந்துச்சு, அவரே தரவை மாத்தினார்னு குழு சொல்லல, ஆனா தப்புகளைத் திருத்த வேண்டிய நேரத்துல சரியா திருத்தலன்னு சொல்லுச்சு, அவர் பதவி விலகினார். ஒரு யூனிவர்சிட்டியைப் பத்தின நல்ல செய்தின்னா இதையும் சேர்த்துத்தான்னு நான் நினைக்கறேன், உள்ள இருந்தே ஒருத்தர் கேள்வி கேட்டு எழுத முடிஞ்சுது இல்ல. நீங்க உங்க செய்தியில தப்பு இருக்குன்னு நீங்களே வெளிய சொன்னா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு தைரியம் வரும், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

சாம்பல்குருவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு தோணுச்சு. நேத்து மீடியா செல்லுக்கு நேர்லயே போனேன். சண்டைக்குப் போற மாதிரி போனேன், ஆனா அந்தப் பொண்ணு நான் கொண்டு போன வரியை வாங்கிப் படிச்சுட்டு, இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே மேடம்னு சொன்னப்போ நடுவாசல் எழுதினதுதான் ஞாபகம் வந்துச்சு. வெப்சைட்ல இருக்கற ரிலீஸோட தலைப்பு இப்ப "எலிகளில்"னு ஆரம்பிக்குது, "தடுக்கும்" போயிடுச்சு, திருத்தப்பட்டதுன்னு தேதி போட்டுக் கீழ ஒரு வரி. நாலு செய்தித் தளத்துக்கு எழுதினேன், ரெண்டு திருத்திட்டாங்க, ஒண்ணு பதிலே இல்ல, ஒண்ணு தலைப்புக்குப் பின்னாடி கேள்விக்குறி மட்டும் சேர்த்திருக்காங்க.

அந்த மெயிலுக்கும் பதில் எழுதிட்டேன். இது எலிகள்ல மட்டும் பார்த்தது, மருந்து இல்ல, டிரையலும் இல்ல, இன்னும் பல வருஷம் ஆகலாம், ஆகாமலே போகலாம், உங்களுக்கு வேற மாதிரி தோண வெச்ச செய்தில என் பங்கும் இருக்கு, மன்னிச்சிடுங்கன்னு எழுதினேன். பார்க்கற டாக்டர் கிட்ட நோயாளியைக் கவனிச்சுக்கறவங்களுக்கு என்ன உதவி இருக்குன்னு கேளுங்கன்னும் எழுதினேன். சாயங்காலம் பதில் வந்துச்சு. நேராச் சொன்னதுக்கு நன்றி, நீங்களே எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கலன்னு.

வியாழக்கிழமை ஒரு ரேடியோல இருந்து பேசக் கூப்பிட்டிருக்காங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்.

பழையமேஜை

லைவ்வா ரெக்கார்டிங்கான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க சகோ. ரெக்கார்டிங்னா உங்க பத்து நிமிஷத்துல நாப்பது செகண்டுதான் போகும், அதனால எலியை எல்லா பதில்லயும் சொல்லுங்க, எங்க வெட்டினாலும் அது தப்பிச்சு வரணும்.