உறைபனி விழுந்த காலையில் உங்கள் பயிர் என்ன ஆனது?

கேத்தி பாலாடாவிலிருந்து:
நீலகிரியில் எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். ஒரு மார்கழிக் காலையில் கடைபோக (ஆண்டின் கடைசிப் பருவ) உருளை, பக்கத்துப் பாத்தியில் கேரட், இரண்டின் மேலும் உப்பு தூவியதுபோல் உறைபனி. வெயில் ஏறியதும் உருளை இலைகள் வெந்த கீரையாகத் துவண்டன, மறுநாள் கருகிவிட்டன. கிழங்கு கோலிக்குண்டு அளவோடு நின்றுபோனது. கேரட் தழையோ நிமிர்ந்து நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கிக் கடித்தால் அப்படி ஓர் இனிப்பு! ஒரே மண், ஒரே பனி. ஏன் இப்படி?

கோத்தகிரியிலிருந்து:
அண்ணா, தேயிலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். நீர்ப்பனி, அதாவது உறையாத பனி, சில வாரம் விழுந்து, அதன்பின் உறைபனி வந்த ஆண்டுகளில் கொழுந்து மட்டும் கருகும். மழை நீடித்து, செடி தளதளவென்று துளிர்க்கும்போது திடீரென உறைபனி விழுந்த ஆண்டில் முதிர்ந்த இலையும் போய்விட்டது. இளஞ்செடிகளைத் தாகை என்னும் காட்டுச்செடியின் தழையால் மூடித்தான் காப்பாற்றினோம்.

பயிர் வினையியல் படித்தவள்:
அண்ணா, அந்த நீர்ப்பனி வாரங்கள்தான் செடிக்குப் பயிற்சிக் காலம். உறையும்போது பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடையில் உருவாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்கி, அதைச் சுற்றியுள்ள சவ்வு சிதைந்தால் இலை வெந்ததுபோல் ஆகிவிடும். கேரட், முட்டைக்கோஸ் போன்றவை மிதமான குளிரிலேயே வளர்ச்சியைக் குறைத்துச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன. சர்க்கரை நீரைப் பிடித்துவைக்கும். உங்கள் நாக்கில் பட்டது அதுதான். சவ்வின் கொழுப்பும் மாறுகிறது. டிசம்பரில் ஊட்டி வீடுகளில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? குளிருக்குப் பழகிய செடியின் சவ்வு நல்லெண்ணெயைப்போல, குளிரிலும் இறுகாமல் இளகியிருக்கும் பக்கம் நகர்கிறது. நாம் பயிரிடும் உருளை, ஆண்டிஸ் மலையில் பிறந்தும் இப்படிப் பழகுவதில்லை. மைனஸ் 3 டிகிரி அளவிலேயே இலை செத்துவிடும். அதன் காட்டு உறவான சொலானம் காமர்சோனி, பழகிய பிறகு ஏறக்குறைய மைனஸ் 10 வரை தாங்கும். அந்தக் குணத்தை நம் உருளைக்குள் கொண்டுவர ஆய்வாளர்கள் பல காலமாக முயல்கிறார்கள். எனக்கு இதில் தீராத ஆசை.

கேத்தி பாலாடாவிலிருந்து:
நன்றி அம்மா. கடைபோக உருளையை இனி மேல் சரிவுக்கு மாற்றுகிறேன். பள்ளம் முழுவதும் கேரட்தான்.