[கலைச்சொல்] இயர்கப்: கிண்ணமா, குடமா, சிமிழா?

எழுதியவர்: கையேட்டுக்காரர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெட்போனைக் கையால் செய்பவர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு தயாராகிறது. ஹெட்போனை ஹெட்போன் என்றே விட்டாயிற்று, அதில் சண்டை இல்லை. முட்டுவது 'இயர்கப்'பில்தான். ஒலி எழுப்பும் டிரைவரைத் தாங்கி, அதன் முதுகுப்பக்கக் காற்றை அடைத்து வைக்கும் பாகம் அது. மரத்தில் கடைந்தது, அலுமினியத்தில் வெட்டியது, முப்பரிமாண அச்சில் எடுத்தது என்று மூன்று அதிகாரம் முழுக்க வருகிறது.

வரைவில் இப்போது மரத்துக்கு 'மரக்கிண்ணம்', அலுமினியத்துக்கு 'உலோக உறை', அச்சில் எடுத்ததற்கு 'நெகிழிக்கூடு' என்று போட்டிருக்கிறது. ஒரே பாகத்துக்கு மூன்று பெயர் உறுத்துகிறது. வீணையை வைத்து 'செவிக்குடம்' என்றும் ஒரு யோசனை வந்தது. கருத்து சொல்லுங்கள்.

எழுதியவர்: அலையெண்

> மரத்துக்கு 'மரக்கிண்ணம்', அலுமினியத்துக்கு 'உலோக உறை'

பொருளை வைத்துப் பெயரிட வேண்டாம். மரம் வேறு ஒலி, உலோகம் வேறு ஒலி என்ற நம்பிக்கை ஏற்கெனவே ஊறிப் போயிருக்கிறது. பெயரும் அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளி விட்டம் 90 மி.மீ., வெளி ஆழம் 35 மி.மீ. வால்நட் மரத்தில் கடைந்தால் சுவரும் அடியும் 7 மி.மீ. வைக்க வேண்டியிருக்கும். உள்ளே மிஞ்சும் இடம் 127 கன செ.மீ. அதே வெளியளவில் அலுமினியத்தை 2.5 மி.மீ. கனத்தில் வெட்டினால் உள்ளே 184 கன செ.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் 3.5 மி.மீ. என்றால் 170. எடை முறையே 58, 103, 55 கிராம் வரும். மரம் கனமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கடைசி எண்ணையும் முதல் எண்ணையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

உள் விட்டம் மாறினால் உள்ளே காற்று குறுக்கே அலையும் முதல் ஒத்ததிர்வும் நகர்ந்துவிடும். 76 மி.மீ. விட்டத்தில் அது 2640 ஹெர்ட்ஸ் பக்கம், 85 மி.மீ. விட்டத்தில் 2360 பக்கம். காது கூர்மையாகக் கேட்கும் இடமே அதுதான். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் இரண்டை மாட்டிப் பார்த்து 'மரம் இனிக்கிறது, அலுமினியம் கத்துகிறது' என்று சொல்பவர் கேட்டது பெரும்பாலும் அந்த 57 கன செ.மீ. காற்றின் வித்தியாசத்தைத்தான். சுவர்ப் பொருளுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அலுமினியத்தைச் சுண்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், அதன் உள்தணிப்பு (அதிர்வைத் தானே அடக்கும் தன்மை) மரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அடித்தகட்டின் உள்பக்கம் 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர் ஒட்டு ஒன்றை ஒட்டினால் அந்த ஒலி செத்துவிடும். ஏபிஎஸ்-இன் உள்தணிப்போ மரத்தின் அளவுதான், கூடுதலாகக்கூட இருக்கும். அதை யாரும் இனிக்கிறது என்று சொல்வதில்லை!

'குடம்' வேண்டவே வேண்டாம். வீணையில் குடம் அதிர வேண்டும், அதற்காகத்தான் பலாவைக் குடைந்து மெலிதாக்குகிறார்கள். இங்கே சுவர் அதிரவே கூடாது. நேர் எதிர் வேலை செய்யும் பாகத்துக்கு அதே பெயரை வைத்தால், படிப்பவர் சுவரை 3 மி.மீ.க்கு இழைத்துவிட்டு வந்து நிற்பார்.

இன்னொன்று. டெனான் ஏஎச்-டி9200 ஹெட்போனின் இயர்கப் மூங்கிலில் செய்தது. புறக்காழ் (வெளியே வைரம்) உள்ளது புல், அகக்காழ் (உள்ளே வைரம்) உள்ளது மரம் என்பது நம் பழைய இலக்கணக் கணக்கு. 'மரக்கிண்ணம்' என்றால் அந்தப் புல் எந்த அதிகாரத்தில் போகும்?

எழுதியவர்: கடைசல்

'சிமிழ்' எப்படி? குங்குமச் சிமிழ், மைச்சிமிழ் எல்லாம் வீட்டில் இருந்த சொற்கள். கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, உள்ளே குடைந்து, வாய்க்குப் படி வெட்டி, மூடி பொருந்த வைத்து, அரக்கு ஏற்றிச் செய்வது. ஹெட்போனுக்குக் கடைவதும் அதே வேலை, மூடி இருக்கும் இடத்தில் டிரைவர் தகடு உட்காருகிறது. வெள்ளியிலும் பித்தளையிலும்கூடச் சிமிழ் உண்டு என்பதால் பொருளோடு ஒட்டிக்கொள்ளாது. செவிச்சிமிழ்.

பெயர் பொதுவாக இருக்கட்டும். ஆனால் மர அதிகாரத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒலியை விடுங்கள், மரம் அசையும். அதைச் சொல்லாமல் அளவு மட்டும் கொடுத்தால் செய்தவர் திட்டுவார்.

கடற்கரை ஊரில் 75 சதவீத ஈரப்பதத்தில் கிடந்த மரத்தில் ஏறக்குறைய 14 சதவீதம் நீர் நிற்கும். ஏசி அறையில் 50 சதவீத ஈரப்பதம் என்றால் அது 9-க்கு இறங்கும். இந்த 5 புள்ளிக்கு, சாதாரணமாகத் தட்டையாக அறுத்த வால்நட் பலகையில் கடைந்த 90 மி.மீ. சிமிழ், நாருக்குக் குறுக்கே 1.25 மி.மீ. சுருங்கும். நார் ஓடும் திசையில் சுருக்கமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகிவிடும். உள்ளே பசை போட்டு இறுக்கிய அலுமினியத் தகடோ 10 டிகிரி வெப்பம் மாறினால்கூட 0.02 மி.மீ.தான் நகரும். மரம் சுருங்கப் பார்க்கும், தகடு விடாது. நார் ஓட்டத்தோடு, விளிம்பில் இருந்து அடிவரை ஒரு வெடிப்பு விழும். மூடிய ஹெட்போனில் மயிரிழை வெடிப்பே போதும், காற்று கசியும்.

ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிற மாதிரி அறுத்த தேக்கை எடுத்தால் அதே 5 புள்ளிக்குச் சுருக்கம் 0.4 மி.மீ. அளவுதான். கையேட்டில் முதல் மரமாக அதைச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோனில் துடைத்த கையோடு பசை போட வேண்டும், மறுநாளைக்கு என்று வைத்தால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும்.

கடையும் முறை: 100×100×40 மி.மீ. கட்டை. நார் சிமிழின் அடிக்கு இணையாக ஓட வேண்டும். நார் வெட்டுப்பட்ட முகம் அடியில் வந்தால் மரத்தின் துளைகள் வழியாகவே காற்று கசியும், அடியும் லேசில் பிளக்கும். முதலில் சுவர் 12 மி.மீ. இருக்கும்படி முரடாகக் கடைந்து காகிதப் பையில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்ற பிறகு மறுபடி கடைசல் எந்திரத்தின் சக்கில் பிடித்து 7 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். தகடு உட்காரும் படியைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும், தகட்டைவிட 1.5 மி.மீ. அகலமாக. அந்த இடைவெளியை 1 மி.மீ. நியோப்ரீன் வளையம் அடைத்துக்கொள்ளும். பசை கூடாது. தகட்டில் திருகுத் துளைகளை நீள்துளையாகப் போட்டு எம்3 திருகால் பிடிக்க வேண்டும். திருகு ஏறும் பித்தளை மரைக்குழலை நார் வெட்டுப்பட்ட முகத்தில் இறக்கினால் பிடிமானம் இருக்காது.

மெருகு வெளியே எத்தனை பூச்சோ உள்ளேயும் அத்தனை. வெளியே ஆறு பூச்சு பாலிஷ், உள்ளே பூசாத மரம் என்று விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் கோணும். சோனி எம்டிஆர்-ஆர்10 ஹெட்போன் (1989) ஜப்பானிய செல்கோவா மரத்தில் வந்தது. ஃபோஸ்டெக்ஸ் டிஎச்900-இன் மரத்துக்கு உருஷி அரக்குப் பூச்சு. அரக்கும் சிமிழும் நமக்கும் பழகிய சோடிதான், நம்மூர் அரக்கு பூச்சியுடையது, அவர்களுடையது மரப்பால் என்பது மட்டும் வித்தியாசம்.

எழுதியவர்: வடகரை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன்.

சிமிழ் நல்ல சொல். 'செப்பு' என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். அதுவும் சிறு மூடிப் பாத்திரம்தான். ஆனால் இங்கே ஆகாது. டிரைவருக்குள் இருப்பது செப்புச் சுருள், வயரும் செப்பு வயர். 'செவிச்செப்புக்குள் செப்புச் சுருள்' என்று ஒரு வசனம் வந்தால் வாசிக்கிறவர் பாவம்.

சிமிழில் எனக்கு உள்ள தடை வேறை. திறந்த முதுகு ஹெட்போனுக்கு அடியே கிடையாது. ஒரு வளையமும் வலைத்தட்டும்தான். அதைச் சிமிழ் என்றால் ஓட்டைச் சிமிழ் ஆகிவிடும்.

கூடவே ஒரு வேண்டுகோள். 'அதிர்வெண்', 'ஒத்ததிர்வு' என்று எழுதுகிற இடங்களில் 'மீடிறன்', 'பரிவு' என்பதையும் அகராதிப் பகுதியில் சேருங்கள். இலங்கைப் பாடப்புத்தகங்களில் படித்தவர்களுக்கு அவைதான் பழக்கம். விறைப்பைச் சொல்லும் யங் குணகம் எங்களுக்கு யங்கின் மட்டு.

எழுதியவர்: அலையெண்

> அதைச் சிமிழ் என்றால் ஓட்டைச் சிமிழ் ஆகிவிடும்

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டு சொல் வேண்டும், ஆனால் பிரிப்பது பொருளாக இருக்கக்கூடாது, காற்று அடைபடுகிறதா இல்லையா என்பதாக இருக்கட்டும். பொதுப்பெயர் 'செவிக்கூடு'. கூடு என்றால் காற்று புகலாம், புகாமலும் இருக்கலாம். அதில் அடி மூடியது மட்டும் 'செவிச்சிமிழ்'. சிமிழ் என்று படித்தவுடனே கசிவு பார்க்க வேண்டும், உள்ளே கம்பளி வைக்க வேண்டும், அடியைத் தட்டையாக விடாமல் குழிக்க வேண்டும் என்று கை தானாகப் போக வேண்டும். தட்டை அடிக்கும் டிரைவருக்கும் நடுவே 28 மி.மீ. என்றால் 6100 ஹெர்ட்ஸ் பக்கம் நிலை அலை நிற்கும். 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் அதை அடக்கும். 2640 ஹெர்ட்ஸில் இருக்கும் குறுக்கு ஒத்ததிர்வுக்கு ஃபெல்ட் போதாது, உதிரிப் பஞ்சு 2 கிராம் வேண்டும். அடைத்துத் திணித்தால் பாஸ் (தாழ்ந்த ஒலி) வறண்டுபோகும்.

அடியில் நார் ஓடும் திசையைப் பற்றிக் கடைசல் சொன்னதோடு விறைப்பையும் சேர்க்க வேண்டும். 7 மி.மீ. வால்நட் அடி, நார் ஓட்டத்தில் 2.5 மி.மீ. அலுமினியத்தைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் வளையாமல் நிற்கும். நாருக்குக் குறுக்கே பார்த்தால் அலுமினியத்தில் பாதிகூட இல்லை. மரம் விறைப்பா உலோகம் விறைப்பா என்ற கேள்விக்குத் திசை சொல்லாமல் பதில் கிடையாது.

எழுதியவர்: கையேட்டுக்காரர்

கூடு, சிமிழ் இரண்டும் பிடித்துவிட்டது. இன்னும் ஒன்று தொங்குகிறது. வெற்றிடத்தில் ரெசின் ஏற்றிய மரம் இப்போது கைவினை ஹெட்போன்களில் வருகிறது. 'ஸ்டெபிலைஸ்டு' என்பதற்கு 'நிலைப்படுத்திய மரம்' என்று போடலாமா?

எழுதியவர்: கடைசல்

போடாதீர்கள். நிலைப்படுத்தியது என்றால் இனி அசையாது என்று நம்பிப் பசை போட்டு இறுக்குவார்கள். அசைவு குறையும், நிற்காது. என்ன செய்தோமோ அதையே பெயராக வைத்தால் போதும்: பிசினூட்டிய மரம்.

செய்முறை சுருக்கமாக: கட்டையை 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, எடை மாறாமல் நின்றதும் எடுத்து, காற்றுப் புகாத பையில் ஆறவிட வேண்டும். திறந்து வைத்து ஆற்றினால் காற்றில் இருக்கும் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். பிறகு பிசினில் மூழ்கும்படி கல் வைத்து அழுத்தி, குமிழி நிற்கும்வரை வெற்றிடம். நிறைய பேர் இங்கே அவசரப்படுகிறார்கள். பிசின் உள்ளே போவது வெற்றிடத்தில் இல்லை, வெற்றிடத்தை விட்ட பிறகு, வெளிக்காற்று அழுத்தும்போது. வெற்றிடம் வைத்த நேரத்துக்கு இரண்டு மடங்கு ஊறவிட வேண்டும். கடைசியில் அலுமினியத் தாளில் சுற்றி 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வேகவைப்பது. உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் இந்த இடத்தில் நுரைத்துக்கொண்டு வெளியே வரும்.

கருங்காலி, ஈட்டி போன்ற கனத்த மரங்களுக்கு இது வீண், பிசின் போக இடமே இல்லை. பூஞ்சை ஓடி வரிவரியாகிப் போன மென்மரத்துக்குத்தான் பொருத்தம். எடை ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதையும் எழுதுங்கள், கழுத்து வலித்த பிறகு தெரிய வேண்டாம்.

எழுதியவர்: கையேட்டுக்காரர்

அகராதிப் பகுதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

செவிக்கூடு: ஹெட்போனில் டிரைவரைத் தாங்கும் புறப்பாகம். எப்பொருளாலும் ஆனது.
செவிச்சிமிழ்: முதுகுப்பக்கக் காற்றை முழுதும் அடைக்கும் செவிக்கூடு. மரச்சிமிழ், அலுமினியச் சிமிழ், அச்சுச்சிமிழ்.
பிசினூட்டிய மரம்: உலர்த்தி, வெற்றிடத்தில் காற்றை நீக்கி, பிசின் ஏற்றி வேகவைத்த மரம்.

அச்சுச்சிமிழ் அதிகாரத்தில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைச் சொல்லியிருக்கிறது. சரிதானே?

எழுதியவர்: அலையெண்

பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணும். ஏபிஎஸ் அல்லது பிஇடிஜி என்று மாற்றுங்கள். அச்சில் எடுத்ததற்கு அடுக்குகளுக்கு நடுவே காற்று கசியும் என்பதால் உட்பக்கம் எபாக்சி ஒரு பூச்சு கட்டாயம். பூசாவிட்டால் உங்கள் அகராதிப்படியே அது சிமிழ் இல்லை, வெறும் கூடு.

எழுதியவர்: வடகரை

அச்சுச்சிமிழ் எனக்குச் சரியாகப் படவில்லை. அச்சில் வார்த்ததும் அச்சுத்தான், அடுக்கடுக்காக எடுத்ததும் அச்சுத்தான். வார்த்ததில் கசிவு இல்லை, எடுத்ததில் உண்டு. 'அடுக்குச்சிமிழ்' என்றால் பூச வேண்டிய இடம் எங்கே என்பதும் பெயரிலேயே தெரியும்.

எழுதியவர்: கையேட்டுக்காரர்

அடுக்குச்சிமிழ் என்றே மாற்றிவிட்டேன். டிரைவருக்கு 'இயக்கி' என்று போட்டால் கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதற்குத் தனி இழை திறக்கிறேன்.