விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குக் கட்டுரை தொகுப்பு எண்ணிக்கை இவ்வளவு வேறுபடுவதற்கு எந்தக் கணித மாதிரி பொருந்தும்?

கேள்வி

வணக்கம். புள்ளியியல் முதுகலைத் திட்டப்பணிக்காக, ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எத்தனை முறை தொகுக்கப்படுகிறது என்பதற்குக் கணித மாதிரி ஒன்றை அமைக்க முயன்று வருகிறேன். யார் எப்போது வந்து எதைத் திருத்த வேண்டும் என்று எவரும் பணிப்பதில்லை என்பதால், தொகுப்புகள் (திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தொகுப்பு) ஒன்றையொன்று சாராமல் நிகழ்வதாகக் கொண்டு, அத்தகைய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கு உரிய பாய்சான் பரவலைப் பொருத்திப் பார்த்தேன். சுத்தமாகப் பொருந்தவில்லை. அந்தப் பரவலில் பரவற்படி (மதிப்புகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) சராசரிக்குச் சமமாக இருக்க வேண்டும்; இங்கோ அதைவிடப் பல மடங்கு பெரிதாக வருகிறது. பெரும்பாலான கட்டுரைகள் ஒரு சில திருத்தங்களோடு நின்றுவிட, மிகச் சில மட்டும் ஆயிரக்கணக்கில் திருத்தப்படுகின்றன. இரு அச்சுகளையும் மடக்கையில் வரைந்தால் வால்பகுதி ஏறத்தாழ நேர்கோடாகத் தெரிகிறது. அடுக்கு விதி (எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்குக்கு ஏற்ப நிகழ்தகவு குறைவது) என்றே எழுதிவிடலாமா? நெறியாளர் தயங்குகிறார்.

மறுமொழி 1

உங்கள் நெறியாளரின் தயக்கம் நியாயமானது. முதலில், சாராமை என்ற எடுகோளைக் கைவிடுங்கள். ஒரு தொகுப்பு அடுத்த தொகுப்பை வரவழைக்கிறது: வளர்ந்த கட்டுரைக்கு வாசகர் கூடுகிறார்கள், அவர்களுள் சிலர் பிழை கண்டு கைவைக்கிறார்கள், ஏற்கெனவே தொகுத்தவர்களோ அதைத் தம் கவனிப்புப் பட்டியலில் (மாற்றங்களைத் தெரிந்துகொள்ளக் குறித்துவைக்கும் பட்டியல்) வைத்திருந்து மீண்டும் வருகிறார்கள்.

வில்கின்சன், ஹூபர்மேன் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2007இல் இதற்கு மிக எளிய வடிவம் தந்தார்கள். ஒரு குறுகிய காலத்தில் சேரும் புதிய தொகுப்புகள், அதுவரை சேர்ந்த மொத்தத்தில் ஒரு சிறு பங்காக இருக்கும்; அந்தப் பங்கு ஒரு சராசரியைச் சுற்றிச் சமவாய்ப்பாக ஏறி இறங்கும். அவ்வளவுதான். மொத்தம் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு காரணியால் பெருக்கப்படுவதால், மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். பிறகு மைய எல்லைத் தேற்றம் பார்த்துக்கொள்ளும்: சமவாய்ப்பான பல எண்களின் கூட்டுத்தொகை, மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும். எனவே ஒரே வயதுடைய கட்டுரைகளின் தொகுப்பு எண்ணிக்கை மடக்கை இயல்நிலைப் பரவலில் (எண்ணிக்கையின் மடக்கை இயல்நிலையாக இருப்பது) அமைய வேண்டும். அந்த மடக்கையின் சராசரியும் பரவற்படியும் வயதோடு நேர்கோட்டில் வளர வேண்டும். இந்த இரண்டாவது கூற்றுதான் மாதிரியின் உண்மையான சோதனை.

உங்கள் வரைபடத்தின் நேர்கோட்டைப் பற்றி ஒரு சொல். 2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரை எண்ணிக்கை சில ஆண்டுகள் அடுக்குக்குறி வேகத்தில் (சம கால இடைவெளிகளில் ஒரே மடங்காக) பெருகியது. அப்படிப் பெருகும் தொகுதியில் இளங்கட்டுரைகளே எப்போதும் மிகுதியாக இருக்கும். வயது அடுக்குக்குறிப் பரவலில் இருக்கும்போது, பல வயதுகளின் மடக்கை இயல்நிலைப் பரவல்களைக் கலந்தால், வாலில் அடுக்கு விதி தானே வந்துவிடும் என்று தொகையீடு செய்தே காட்டலாம். வயது பிரிக்காமல் வரைந்திருந்தால், நீங்கள் பார்ப்பது கலவையின் விளைவாகவே இருக்கலாம்.

மறுமொழி 2

மாதிரிக்கு முன் தரவைக் கவனியுங்கள். 2002 அக்டோபரில் ராம்பாட் என்னும் தானியங்கி (தானே தொகுக்கும் நிரல்), அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட ஊர்க் கட்டுரைகளை உருவாக்கியது. அவை வாசகர் ஆர்வத்தால் பிறந்தவையல்ல. எல்லாம் ஒரே வயது, ஒரே வார்ப்பு. அவற்றைத் தனியே வைக்காவிட்டால் 2002ஆம் ஆண்டுப் பிரிவு உங்களை ஏமாற்றும். பிற தானியங்கித் தொகுப்புகளையும் நீக்குங்கள்.

இன்னொன்று: ஒருவர் பத்தி பத்தியாகப் பத்து முறை சேமிப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் எழுதி முடித்து ஒரே முறை சேமிப்பார். ஒரே பயனர் ஒரு மணி நேர இடைவெளிக்குள் அடுத்தடுத்துச் செய்தவற்றை ஒரே அமர்வாக எண்ணுவது நல்லது.

மறுமொழி 3

முதல் மறுமொழியில் உடன்படுகிறேன், ஒரு குறையோடு. அந்த மாதிரிக்கு வளர்ச்சியும் சண்டையும் ஒன்றுதான்; இருவர் மாறிமாறி ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தாலும் எண்ணிக்கை ஏறவே செய்யும். இதைப் பிரிக்க யாசேரி, கெர்டேஸ் முதலிய ஆய்வாளர்கள் 2012இல் பயன்படுத்திய அளவு எனக்கு மிகவும் பிடித்தது. பரஸ்பரம் மீளமைத்துக்கொண்ட (மற்றவரின் மாற்றத்தை நீக்கிப் பழைய பதிப்பைத் திருப்பிவைத்த) ஒவ்வோர் இணைப் பயனர்களிலும், அக்கட்டுரையில் குறைவாகத் தொகுத்தவரின் தொகுப்பு எண்ணிக்கையை எடையாகக் கொள்ள வேண்டும். எடைகளைக் கூட்டி, சண்டையில் இறங்கியவர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இருவரில் சிறிய எண்ணை எடுப்பதில்தான் நயம் இருக்கிறது. ஒரே ஒரு முறை கிறுக்கிவிட்டுப் போன விசமியை அனுபவமுள்ள பயனர் விரட்டினால் எடை 1தான். இரு பழுத்த பயனர்கள் மோதினால் எடை நூற்றுக்கணக்கில் ஏறும். தனிப்பட்ட பகை கணக்கைக் கெடுக்காதிருக்க, மிகப்பெரிய எடையுள்ள இணையை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மீளமைப்பைக் கண்டுபிடிக்க உரையை ஒப்பிட வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவின் தரவுக் கோப்பில் ஒவ்வொரு பதிப்போடும் ஷா-1 குறி (உரையிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறி; ஒரே உரைக்கு ஒரே குறி) இருக்கிறது. பழைய பதிப்பின் குறி மறுபடி தோன்றினால், இடைப்பட்டவை நீக்கப்பட்டன என்று பொருள்.

கேட்டவர்

மிக்க நன்றி. வயதுவாரியாகப் பிரித்து மறுபடி பொருத்துகிறேன். ஓர் ஐயம்: 2007க்குப் பிறகு முனைப்பான பயனர்கள் குறைந்தார்களே, அப்போதும் அந்தச் சராசரிப் பங்கை மாறிலியாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1

கூடாது என்பதே என் கருத்து. அந்தத் தேக்கத்துக்குக் கட்டுரைகளின் வயது காரணமில்லை. ஆய்வாளர் ஹாஃபேக்கரும் மற்றவர்களும் 2013இல் காட்டியபடி, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகள் தரக்கட்டுப்பாட்டுக் கருவிகளால் மிகுதியாக நிராகரிக்கப்பட்டு, அவர்கள் தங்காமல் போனதும் ஒரு காரணம். ஆகவே பங்கை நாட்காட்டி ஆண்டின் சார்பாக எழுதுங்கள். 2003இலும் 2008இலும் பிறந்த கட்டுரைகளை, இரண்டும் மூன்று வயதை எட்டிய நிலையில் அருகருகே வைத்துப் பாருங்கள். மாறிலியாக இருந்தால் இரு பரவல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.