அம்புலிமாமாவுக்கு இருந்த ஒரே முகம்: பலர் வரையும் இதழுக்கு அதை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி:
சிறுவர் காலாண்டிதழ் ஒன்று தயாரிக்கிறோம். 48 பக்கம், நேச்சுரல் ஷேட் தாள் (பூச்சில்லாதது, லேசாக மஞ்சள் ஓடியது), நான்கு வண்ண ஆஃப்செட் அச்சு. படம் வரைபவர்கள் நான்கு பேர். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கின்றன. பைண்டிங் முடிந்து கைக்கு வந்தால் நாலு இதழைக் கிழித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. அம்புலிமாமாவிலும் பலர் வரைந்தார்கள். ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அம்புலிமாமா என்று தெரிந்துவிடும். ஓவியர்களின் கையைக் கட்டாமல் எதையெல்லாம் பொதுவாக வைக்கலாம்?

பதில் 1:
1947-இல் அம்புலிமாமா தொடங்கியபோது அந்த முகத்தைக் கொடுத்தவர் ஓவியர் சித்ரா. ஓவியப் பள்ளியில் படித்தவரல்ல. 1950-களின் தொடக்கத்தில் வந்த சங்கர் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். கோடு இருவருக்கும் வேறு. சங்கரின் படத்தில் மரப்பட்டை, தூண், நகை எல்லாம் நுணுக்கமாக வரும். ஒன்றாக இருந்தது படம் பக்கத்தில் உட்காரும் முறை. பல மொழிப் பதிப்புகளுக்கும் அதே படங்கள்தான், எழுத்து மட்டும் மாறும். அதனால் கதைப் படத்துக்குள் எழுத்து வராது. சொற்களின் துணையின்றிப் படமே நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

விக்கிரமன்-வேதாளம் தலைப்புப் படத்தைப் பாருங்கள். உருவிய வாள், தோளில் பிணம், பின்னால் சுடுகாடு. மாதாமாதம் அதே அமைப்பு. தலைப்பைப் படிக்குமுன்பே என்ன பகுதி என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இதழின் முகத்தைத் தீர்மானிப்பவை இப்படித் திரும்பத் திரும்ப வரும் படங்கள்தான். எனவே நிரந்தரப் பகுதிகளின் தலைப்புப் படங்கள் அனைத்தையும் ஒரே ஓவியரிடம் கொடுங்கள், ஓராண்டுக்கு மாற்றாதீர்கள். தொடர் பாத்திரங்களுக்கு முன், பக்கவாட்டு, பின் தோற்றத்துடன் ஒரு மாதிரித்தாளும் அவரே போடட்டும். பெரியவர் 7 தலை உயரம் (தலையின் உயரத்தைப் போல் ஏழு மடங்கு), பத்து வயதுப் பிள்ளை 6 தலை என்று அதில் குறித்துவிட்டால், நால்வரில் யார் வரைந்தாலும் பாத்திரம் மாறாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் சிக்கலில் பாதி, படம் வரையும் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் வருவது என்று நினைக்கிறேன். ஒருவர் ஏ3-இல் வரைகிறார், இன்னொருவர் ஐபேடில் அச்சளவிலேயே வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேஅவுட் செய்பவர் முதல் படத்தைப் பாதியாகச் சுருக்கும்போது 0.5 மி.மீ. கோடு 0.25 ஆகிறது, அடுத்த பக்கத்தில் அதே கோடு 0.5 ஆகவே நிற்கிறது. கண்ணுக்கு முதலில் உறுத்துவது இதுதான்.

எல்லோரும் அச்சளவைப் போல் ஒன்றரை மடங்கில் வரையட்டும். வெளிக்கோட்டுக்கு 0.8 மி.மீ. பேனா, உள்விவரத்துக்கு 0.4, நிழல்கோட்டுக்கு 0.3. சுருக்கியபின் நிழல்கோடு 0.2 மி.மீ. நிற்கும். 0.15-க்குக் கீழே போனால் இந்தத் தாளில் அறுந்து அறுந்து விழும். நிழல்கோடுகளுக்கு நடுவே மூலப்படத்தில் 1 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிப் பரப்பும், நெருக்கமான கோடுகள் ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும்.

கறுப்புக் கோடு கே 100 மட்டுமாக (கறுப்பு மை மட்டும், முழு அளவில்), ஓவர்பிரிண்டில், அதாவது மற்ற வண்ணங்களின் மேலேயே, போகட்டும். ஆர்ஜிபி (திரைக்கான வண்ணமுறை) கறுப்பை அப்படியே அச்சுக்கு மாற்றினால் நான்கு மையிலும் கோடு விழும். ரிஜிஸ்டர் (நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) கொஞ்சம் விலகினாலும் முகத்தைச் சுற்றிச் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். கோட்டுப் படத்தை 1200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) பிட்மேப்பாக, அதாவது சாம்பல் இல்லாமல் கறுப்பு வெள்ளை மட்டுமாக, ஸ்கேன் செய்யுங்கள். வண்ணத்துக்கு அச்சளவில் 300 போதும்.

வண்ணம் எட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் சிஎம்ஒய்கே எண் (நான்கு மைகளும் எத்தனை சதவீதம் என்பது) எழுதி நால்வருக்கும் கொடுங்கள். தாளே மஞ்சள் ஓடியது என்பதால் தோல் நிறத்தில் மஞ்சளைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். வானத்து நீலமும் பச்சையோடும். திரையை நம்பாமல் அதே தாளில் புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பார்த்தபின் எண்களை முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அட்டைக்கும் இதே கட்டுப்பாடுதானா?

பதில் 3:
வேண்டாம். அம்புலிமாமாவின் அட்டைகளில் எம்.டி.வி. ஆச்சார்யாவும் வட்டாதி பாப்பய்யாவும் தத்தம் வண்ண ஓவியங்களைத் தாராளமாகத் தீட்டினார்கள், உள்பக்கக் கோட்டுப் படங்களின் சாயல் அங்கே தேவைப்படவில்லை. இதழின் பெயரெழுத்து, அதன் இடம், அளவு இவற்றை மட்டும் மாற்றாதீர்கள். அட்டை ஓவியரிடம் பெயரெழுத்து வரும் மேல் கால்பகுதியில் முகமோ கையோ வராமல் வரையச் சொல்லிவிடுங்கள். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகத் தீட்டச் சொல்வதும் முக்கியம். அது இல்லாமல் வந்த ஓவியத்தைப் பிறகு பெரிதாக்கினால் ஓரத்தில் இருக்கும் கையெழுத்துதான் முதலில் வெட்டுப்படும்.