லிசா கல்யாணத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அம்மாவுக்காக சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ‘லிசாஸ் வெட்டிங்’ எபிசோடுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். 1995இல் வந்தது, கதை நடப்பது 2010இல். அப்போது அது எதிர்காலம்!

ஒரே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஆங்கிலேய மாப்பிள்ளை ஹியூவிடம், கல்யாணத்தன்று போட்டுக்கொள்ளச் சொல்லி லிசாவின் அப்பா ஹோமர் பன்றி வடிவ கஃப்லிங்க் (முழுக்கைச் சட்டையின் கைமுனையைச் சேர்த்துப் பூட்டும் அலங்காரப் பொத்தான்) கொடுப்பாரே, அதுதான். மாப்பிள்ளை அதைப் போடாமல் வந்து நிற்பதில்தான் கல்யாணமே நின்றுபோகிறது. கஃப்லிங்க் என்றால் அம்மாவுக்குப் புரியாது. சட்டைப் பொத்தான் என்று போட்டால், ‘ஒரு பொத்தானுக்கா இவ்வளவு ரகளை?’ என்பார். மோதிரம் என்று மாற்றவும் முடியாது, திரையில் பன்றி பளிச்சென்று தெரிகிறது.

ஒரே வரியில் அடங்குகிற மாதிரி ஏதாவது தோன்றினால் சொல்லுங்களேன். ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன்.