கொலம்பியாவின் கரீபியன் கரை: ஏழு நாளில் குவாஹிராவையும் சேர்க்கலாமா?

நிலவன்:
ஜனவரி 30 முதல் பிப்ரவரி 6 வரை ஏழு இரவுகள் கையில் இருக்கின்றன. நான், மனைவி, மதுரையிலிருந்து ஹியூஸ்டனுக்கு வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மா. அம்மாவுக்கு 64 வயது, சைவம். நன்றாக நடப்பார், ஆனால் வண்டி ரொம்பக் குலுங்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

திட்டம் இது: கார்த்தஹேனாவில் 2 இரவு, சாந்தா மார்த்தாவில் 1, தைரோனா தேசியப் பூங்காவில் 1, பிறகு ரியோவாச்சா வழியாக லா குவாஹிரா பாலைவனத்தில் 2, கடைசி இரவு மறுபடி கார்த்தஹேனா. வரைபடத்தில் எல்லாம் ஒரே கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. சரியாக வருமா?

கடலோடி:
வராது, நிலவன். கடைசி நாளை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாலைவன முனையான புந்தா கயீனாஸிலிருந்து விடிகாலையில் கிளம்பினாலும் ரியோவாச்சா வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். அங்கிருந்து சாந்தா மார்த்தாவுக்குச் சுமார் 170 கி.மீ., அதற்கப்புறம் கார்த்தஹேனாவுக்கு இன்னும் 230 கி.மீ., நடுவில் பாரங்கியா நகர நெரிசல் வேறு. அம்மாவை நடுராத்திரியில்தான் விடுதியில் இறக்குவீர்கள்.

இன்னொன்று. தைரோனா பிப்ரவரி முதல் பாதியில் மூடியிருக்கும். ஆண்டுக்கு மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபர் கடைசியை ஒட்டி, ஏறக்குறைய இரண்டு வாரம் பூங்காவுக்கு ஓய்வு விடுகிறார்கள். பூங்காவை ஒட்டிய சியெரா நெவாதா மலையின் பூர்வகுடிகளான கோகி, அர்வாக்கோ, விவா, கன்குவாமோ மக்கள் கேட்டுப் பெற்ற ஓய்வு அது. பக்கத்து மீனவ ஊரான தகாங்காவிலிருந்து படகில் பின்வாசலாகக் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

நிலவன்:
தைரோனா மூடும் விஷயம் தெரியவே தெரியாது. நல்லவேளை, விடுதிக்கு இன்னும் பணம் கட்டவில்லை. நன்றி அண்ணா.

பாலைமகள்:
தைரோனா இல்லையென்றால் குவாஹிராவுக்கு இன்னும் நல்லதுதானே? கடலோடி சொல்லும் 400 கி.மீ. சிக்கல், கார்த்தஹேனாவுக்கே திரும்பவேண்டும் என்று நினைப்பதால் வருவது. ரியோவாச்சாவிலும் விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து பொகோட்டா போய்விடலாம். கார்த்தஹேனா 2, சாந்தா மார்த்தா 2, பாலைவனம் 2, ரியோவாச்சா 1. கணக்கு நேராகிவிட்டது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அழகான பழைய நகரத்தை எங்கேயும் பார்க்கலாம். பாலைவனம் மணல்மேடாகச் சரிந்து நேராகக் கடலில் விழுவதை புந்தா கயீனாஸ் பக்கத்துத் தாரோவாவில்தான் நான் பார்த்தேன். உச்சியிலிருந்து உட்கார்ந்து சறுக்கினால் கால் அலையில் நிற்கிறது. தென் அமெரிக்கப் பெருநிலத்தின் வடகோடி அது. இரவில் மின்விளக்கு இல்லை. குவாஹிராவின் பூர்வகுடிகளான வயூ மக்கள் நெய்த சின்ச்சோரோ தூளியில் படுத்தால் காற்றும் கடலும் மட்டும்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூன்று மணி நேரப் பயணத்துக்கு அஞ்சி விட்டுவிடுவதா?

கடலோடி:
மூன்று மணி நேரம் அல்ல, அக்கா. ரியோவாச்சாவிலிருந்து, பாலைவனக் கடலோர ஊரான காபோ தெ லா வேலாவுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. உரிபியா வரை தார்ச்சாலை, பிறகு செர்ரஹோன் நிலக்கரிச் சுரங்கத்தின் ரயில் பாதையை ஒட்டி மண்சாலை, அப்புறம் சாலையே கிடையாது. காபோவிலிருந்து புந்தா கயீனாஸ் போக இன்னொரு நெடும்பாடு. முதுகு வலிக்கிற 64 வயதுக்காரரை உட்காரவைத்து இதைச் செய்யச் சொல்கிறீர்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நான் போனபோது, உரிபியாவில் ஓட்டுநர் வண்டியை ஒரு கடை முன்னால் நிறுத்தி, "தண்ணீர், பிஸ்கட் வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் பிள்ளைகளுக்குக் கொடுக்க" என்றார். அதன் பிறகு பாதை நெடுக இரண்டு பக்கமும் பிள்ளைகள் கயிறைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சில இடத்தில் சைக்கிள் சங்கிலி. வண்டி மெதுவாகும், சன்னல் வழியாக ஒரு பொட்டலம் போகும், கயிறு தாழும். முப்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை. பல இடத்தில் அவர்கள் கேட்டது பிஸ்கட் அல்ல, தண்ணீர். வயூ பிள்ளைகளுக்குத் தண்ணீர், உணவு, மருத்துவம் கிடைக்காத நிலை அரசியல் சாசனத்துக்கே விரோதமானது என்று 2017-ல் கொலம்பிய அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த மண்ணை இரண்டு இரவில் படம் பிடித்துத் திரும்புகிற இடமாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பாலைமகள்:
நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் நாம் போகாமல் இருந்தால் அங்கே ஒரு குடம் தண்ணீர் கூடிவிடுமா? நான் தங்கிய குடில் ஒரு வயூ குடும்பத்துடையது. வயூ மக்களிடம் குலம் தாய்வழியில் வருகிறது. அந்த வீட்டிலும் கணக்கு வழக்கெல்லாம் ஒரு பாட்டியின் கையில்தான் இருந்தது. தூளிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த காசு நேராக அவரிடம் போனது. ஆளில்லாத மாதங்களில் மீனும் ஆடும்தான் என்று அவரே சொன்னார். பயணிகளை வரவேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு, நமக்கு இல்லை.

சன்னல் வழியாக மிட்டாய் நீட்டுவதை நானும் எதிர்க்கிறேன். பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையைக் கயிற்றடியில் நிறுத்துவது அது. பெரிய தண்ணீர்க் கேன்களை வாங்கிப் போய்த் தங்கும் குடும்பத்திடம் கொடுத்தால், யாருக்குத் தேவை என்று அவர்களுக்குத் தெரியும்.

கடலோடி:
குடும்பத்திடம் கொடுப்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். போகவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வாலில் ஒட்டவைத்த இரண்டு நாளாகப் போகவேண்டாம் என்கிறேன். காபோ தெ லா வேலாவை வயூ மக்கள் ஹெபீரா என்கிறார்கள். இறந்தவர்களின் உயிர் போய்ச் சேரும் இடம் அது. அங்கே ஒரு மாலை சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு மறுநாள் விடியுமுன் ஜீப் ஏறுவதில் என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஐந்து நாள் ஒதுக்கித் தனியாகப் போகட்டும்.

ஊர்சுற்றி:
நடுவே ஒரு விஷயம், இதை முதலில் பாருங்கள் நிலவன். சியெரா நெவாதா மலைக்காடுகள் மஞ்சள் காய்ச்சல் பகுதி. 60 வயதைக் கடந்து முதல் முறை அந்தத் தடுப்பூசி போடுவோருக்குக் கடுமையான பக்கவிளைவு அபூர்வம்தான், ஆனாலும் இளையவர்களைவிடக் கூடுதல். மருத்துவரைக் கேட்காமல் அம்மாவுக்குப் போடாதீர்கள். போடுவதானால் குறைந்தது 10 நாள் முன்பு. சான்றிதழ் இல்லாமல், கொலம்பியாவை விட்ட 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்துவார்கள்.

சாப்பாடு: "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றால் பல கடைகளில் மாட்டிறைச்சி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுவிடுவார்கள். "சின் போயோ, சின் பெஸ்காதோ" (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். தேங்காய்ச் சோறு எங்கும் கிடைக்கும். தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரிந்து கசடு பொன்னிறமாகும் வரை காய்ச்சி, அதில் அரிசியைப் போடுகிறார்கள். லேசாக இனிக்கும். கூடவே வாழைக்காயை நசுக்கிப் பொரித்த பத்தக்கோன். அம்மாவுக்குப் பிடிக்கும்.

நிலவன்:
தடுப்பூசிக் கவலை இல்லை. 2015-ல் கென்யா போனபோது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மா போட்டுக்கொண்டார். அந்த மஞ்சள் அட்டை ஆயுளுக்கும் செல்லும் என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறார்.

குவாஹிராவை விட்டால் ஏழு நாளை எதில் நிரப்புவது? அதைச் சொல்லுங்கள் கடலோடி அண்ணா.

கடலோடி:
நிரப்பத் திணறவே மாட்டீர்கள். கார்த்தஹேனாவுக்கு மூன்று இரவு கொடுங்கள். மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் ஒரு நாள், காலையில் வெயில் ஏறுமுன் சான் ஃபெலிப்பே கோட்டை. ஒரு முழு நாள் சான் பசிலியோ தெ பலேங்கே. அடிமைச்சங்கிலியை உடைத்து ஓடியவர்கள், அவர்களின் தலைவர் பெங்கோஸ் பியோஹோவின் வழிவந்தவர்கள், அமைத்த ஊர். ஸ்பானியச் சொற்களோடு ஆப்பிரிக்காவின் கிகோங்கோ மொழிச் சொற்களும் கலந்த தனி மொழியை இன்றும் பேசுகிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைச் சிறப்பித்தது. கார்த்தஹேனாவில் தலையில் பழக்கூடையோடு நிற்கும் பெண்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களைப் படம் மட்டும் எடுத்துவிட்டு ஊரைப் பார்க்காமல் போகிறவர்களே அதிகம்.

பிறகு பகலில் பேருந்தில் சாந்தா மார்த்தா. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் சியேனாகா கிராந்தே என்ற பெரும் காயல். 1950-களில் நடுவே போட்ட இதே சாலை கடல்நீர் உள்ளே வரும் வழிகளை அடைத்ததில் அலையாத்திக் காடு ஆயிரக்கணக்கான ஏக்கரில் பட்டுப்போனது. சன்னலோரம் பட்ட மரங்கள் தெரியும்போது அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஒரு நாள் படகெடுத்து அந்தக் காயலுக்குள் கால்நட்டு நிற்கும் நுவேவா வெனேசியா ஊருக்கும் போய்வரலாம்.

மலையூரான மின்காவில் இரண்டு இரவு. சாந்தா மார்த்தாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 600 மீட்டர் உயரம் ஏறிவிடலாம். காப்பி, கொக்கோ, அருவி. கடைசி இரண்டு இரவு சாந்தா மார்த்தா. பொலிவார் 1830 டிசம்பர் 17-ல் உயிர்விட்ட கரும்புத் தோட்ட வீடு அங்கே இருக்கிறது, வளாகத்தில் புளியமரங்களும் உண்டு. ஊருக்குத் திரும்ப அங்கிருந்தே விமானம்.

பாலைமகள்:
திட்டம் நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நிலவனும் மனைவியும் இளையவர்கள்; அம்மாவை மின்காவில் விட்டு இருவரும் காபோ வரையாவது போகலாம் என்பதே என் கருத்து.

நிலவன்:
மொழி தெரியாத ஊரில் அம்மாவைத் தனியாக விட மாட்டேன் அக்கா. இருவர் எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். பலேங்கே கட்டாயம் போகவேண்டும் என்றார். கயிறு பிடித்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றி இரண்டு முறை கேட்டார். இந்த முறை கார்த்தஹேனா 3, மின்கா 2, சாந்தா மார்த்தா 2. குவாஹிராவுக்கு நானும் மனைவியும் தனியாக வருவோம். மழை எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பாலைமகள்:
செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேண்டாம், ஜீப் சேற்றில் புதைந்துவிடும். சாந்தா மார்த்தாவில் வயூ பெண்கள் மொச்சீலா பை விற்பார்கள். ஒற்றை நூலில் பின்னியதா, இரட்டை நூலா என்று கேளுங்கள். ஒற்றை நூல் பைக்கு இன்னும் பல நாள் உழைப்பு ஆகும், விலையும் கூடுதல். பேரம் பேசாமல் வாங்குங்கள்.